இறங்க முடியாத இருக்கை

தகரக் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்தப் பழைய புல்வெட்டும் வண்டி. அதன் கிழிந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர். கையால் தள்ளும் புல்வெட்டியைத் தள்ளித் தள்ளியே வீங்கிப்போன வலது முழங்காலில் வெயில் விழுகிறது. வண்டியை விற்கிறவர் பக்கத்தில் நின்று சாவியைத் திருப்ப, அது இருமி, உடம்பெல்லாம் உதறி, நீலப் புகை கக்குகிறது. ஆயில் எரிகிறதென்று இருக்கையில் இருப்பவருக்கு மூக்கே சொல்லிவிடுகிறது. இந்தக் கோடையைத் தாண்டாது. ஆனால் கையில் இருக்கும் பணத்துக்கு வேறு வண்டி கிடைக்காது, அலையாத இடமில்லை. இறங்கிவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாமென்று காலை எடுக்கிறார். முழங்கால் பூட்டிக்கொள்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றன.

"பாருங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இறங்கவே மனசு வரல!" என்று சற்றுத் தள்ளி நிற்கும் மனைவியைப் பார்த்து விற்கிறவர் சிரிக்கிறார். இருக்கையில் இருப்பவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைக்கிறார். மனைவி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, தினமும் செய்வதுபோல அந்த முழங்காலை இரு கைகளாலும் பிடித்து மெல்ல நீவுகிறாள்.

"ரொம்பப் புகையுது," என்கிறார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியுது."

கையை எடுக்காமலே அவள் விற்கிறவர் பக்கம் திரும்புகிறாள். "எடுத்துக்கிறோம்ண்ணே," என்கிறாள். வண்டியோடு சேர்ந்து அவள் வளையல்களும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன.