கட்டைக் குரல்

"நான் பொம்பளைதாங்க. எத்தனை தடவை சொல்றது?"

சொன்னது அசல் ஆண் குரல். பேரை அடித்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனை வைத்த சரிபார்ப்பு அதிகாரி, பட்டியலின் பதினோராவது பெயரைச் சிவப்பு மையால் சுழித்தாள். புருஷனோ மச்சானோ பேசுகிறான். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்? பால்காரர் ஊற்றும் பாலையே இரண்டு தடவை முகர்ந்து பார்க்கிறவள் அவள்.

சொந்தமாகப் பயிர் வைக்கும் பெண்களுக்கு மட்டும் செல்போனில் வரும் மானியக் கூப்பனுக்கான பட்டியல் அது. கூப்பனைக் கடையில் காட்டினால் விதையும் உரமும் பாதி விலை. அனுப்பும் முன் அந்தப் பெண்ணிடமே பேசி உறுதி செய்வது இவள் வேலை.

அதே ஊரின் மற்ற பத்துப் பேரிடம் ஒரு தொல்லையும் இல்லை. காலை பத்து மணிக்கு அழைத்தபோது எல்லோரும் முதல் மணியிலேயே எடுத்து, தாங்கள்தான் பயிர் வைப்பதாக வெல்லமாகப் பேசினார்கள். பத்துக்கும் பச்சை மையில் டிக் போட்டாயிற்று. இந்தக் கட்டைக் குரல்தான் ஐந்து தடவை எடுக்காமல், ஆறாவது தடவை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மதியமே பஸ் ஏறினாள்.

அந்த ஊர் வயலில் ஒருத்தி தகர டப்பாவைத் தட்டிக் குருவி விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டதும் அதிகாரிக்கு முகம் தொங்கிப்போனது. அதே குரல்.

"கதிர் பால் பிடிச்சதுலேருந்து கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சுங்க. போன் அந்த மரத்துல பைக்குள்ள தொங்குது. ஓடி வர்றதுக்குள்ள மணி நின்னுடுது. பேரை மட்டும் அடிச்சிடாதீங்க, அடுத்த போகத்துக்கு விதை வாங்க வேற வழியில்லை."

அதிகாரிக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே சிவப்புச் சுழியை அடித்துவிட்டுப் பச்சை டிக் போட்டாள். வந்ததுதான் வந்தோம், மற்றவர்களையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று பத்துப் பெயரையும் வாசித்து, அவர்கள் வயல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

டப்பா தட்டுவது நின்றது. கட்டைக் குரலில் சிரிப்பு வந்தது.

"இந்த ஊர்ல பயிர் வைக்கிற பொம்பளை நான் ஒருத்திதாங்க."