காதில் விழுந்த பேச்சு

"பேசறவங்க கை தூக்கணும், எழுந்து நிக்கணும், என்னைப் பார்த்துத்தான் பேசணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா வகுப்புக்குள்ள போறேன் சார்."

வேலை கேட்டு வந்தவரே நிபந்தனை போட்டதில் ஆங்கிலப் பயிற்சி மையத்தின் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுகிற நிலையில் அவர் இல்லை. உள்ளே பதினெட்டு நர்ஸுகள் காத்திருந்தார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான பரீட்சை இரண்டே மாதத்தில். இதுவரை மூன்று ஆசிரியர்கள் வந்து, மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். இன்றும் ஆள் அமையாவிட்டால் பதினெட்டு பேரும் எதிர்த் தெரு மையத்துக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் இங்கே பூட்டுத் தொங்கவேண்டியதுதான்.

"சரிங்க டீச்சர். நானும் ஒண்ணு சொல்லிடறேன். கீழ தகரப் பட்டறை. நாள் பூரா தட்டிக்கிட்டே இருப்பாங்க. முன்னாடி இருந்தவங்க அந்தத் தலைவலி தாங்காமத்தான் போனாங்க."

"எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை சார்" என்றார் டீச்சர். ஐம்பது வயதிருக்கும். சாக்பீஸைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

முதல் நாள் எல்லோரும் இப்படித்தான் அளப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே முதலாளி வகுப்பின் பின்வாசலில் போய் நின்றார். மையத்துக்கு மேனேஜராக இருந்த அவருடைய மைத்துனனும் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

முன்வரிசையில் ஒரு நர்ஸ் கை தூக்கி எழுந்தாள்.

"ஹியருக்கும் லிசனுக்கும் என்ன வித்தியாசம் மேடம்? முன்னாடி இருந்த சார் ரெண்டும் ஒண்ணுதான்னுட்டாரு. மாதிரித் தேர்வுல அதுலயே எனக்கு நாலு மார்க் போச்சு."

"ஹியர்னா காதுல விழறது. லிசன்னா காது கொடுக்கறது. கீழ தகரம் தட்டறாங்களே, உங்க சம்மதத்தைக் கேட்டா தட்டறாங்க? அது ஹியர். வார்டுல ஒருத்தர் வலிக்குதுங்கறார். கையில இருக்கறதைப் போட்டுட்டு அவர் முகத்தைப் பார்க்கறீங்க. எங்க வலி, எப்போலேருந்து வலின்னு விசாரிச்சுப் புரிஞ்சுக்கறீங்க. அது லிசன். முதல்லது காதோட வேலை. ரெண்டாவது உங்க வேலை."

பதினெட்டு பேனாக்களும் குனிந்து எழுதின. இந்த அறையில் இப்படி ஒரு காட்சியை முதலாளி பார்த்ததே இல்லை.

அடுத்தவள் எழுந்து, ரத்தக் குழாயைக் குறிக்கும் 'வெய்ன்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நில்லுங்க. மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடவே இல்லை. தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்."

மூன்றாவது தடவை டீச்சர் தலையாட்டினார். அவள் பரிசு வாங்கினவள் போல உட்கார்ந்தாள். டீச்சர் போர்டு பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தார்.

"கெட்டிக்காரங்க மாமா" என்றான் மைத்துனன். பட்டறைச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

முதலாளியும் கத்தினார். "கெட்டிக்காரிதான் மாப்ள. ஆனா வந்ததும் வராததுமா எனக்கே சட்டம் போடுதே. பரீட்சை வரைக்கும் வச்சிருந்துட்டு, முடிஞ்ச கையோட..."

கீழே தேநீர் வேளை. சுத்தியல்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் நின்றன. கத்திக்கொண்டிருந்த முதலாளியின் வாய் மட்டும் நிற்கவில்லை.

"...இந்த ராங்கி பிடிச்ச கிழவியைக் கழட்டி விட்டுடணும்."

ஊசி விழுந்தால் கேட்கிற வகுப்பில் அது கணீரென்று விழுந்தது. பதினெட்டு தலைகளும் பின்னால் திரும்பின. டீச்சர் மட்டும் திரும்பவில்லை. அவருடைய எழுத்தில் ஒரு கோணல்கூட இல்லை. வரியை முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு, நிதானமாகத் திரும்பினார்.

"எல்லாரும் ஏன் பின்னாடி பாக்கறீங்க? போர்டு இங்க இருக்கு."

முதலாளி கூனிக் குறுகிப்போனார். தன்னை யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பார். இந்த அம்மாள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லையே. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வகுப்பு முடிந்ததும் நர்ஸுகள் முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள். "இந்த மேடம் இருந்தா நாங்களும் இருக்கோம் சார். இல்லேன்னா எதிர்த் தெருதான்."

அவர்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். முதலாளி அதற்குள் தன் கையாலேயே நியமனக் கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். அலுவலக அறையில் டீச்சர் எதிரில் போய் நின்று இரண்டு கைகளாலும் அதை நீட்டினார்.

"டீச்சர், இது பரீட்சையோட முடியற வேலை இல்லை. நிரந்தரம். வகுப்புல நீங்க எழுதிட்டிருந்தப்போ நான் பின்னாடி நின்னு பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. அத்தனை பேர் முன்னால அப்படி ஒரு பேச்சு காதுல விழுந்தும், விழாத மாதிரி இருந்தீங்க பாருங்க, அந்தப் பெருந்தன்மை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. மன்னிச்சிடுங்க."

டீச்சர் கடிதத்தை வரி விடாமல் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"நிரந்தரம்னு எழுத்துலயே போட்டிருக்கீங்க, நல்லது. இனிமே சொல்லலாம். எனக்கு ரெண்டு காதும் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு சார். உதட்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்தறேன். முதல்லயே சொல்லியிருந்தா வகுப்பு வாசலை மிதிக்க விட்டிருப்பீங்களா?"

டீச்சர் ஒரு நாற்காலியைத் தனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. இப்போ என் முகத்தைப் பார்த்து, அவசரப்படாம சொல்லுங்க. நான் திரும்பி நின்னப்போ என்னைப் பத்தி என்ன பேசினீங்க?"