வெள்ளரிக்காய் வைத்தியம்

"ஊரே பத்தி எரியுது, இந்த மனுஷனுக்கு வெள்ளரிக்காய் கேக்குது!"

டெய்லரம்மா புலம்பிக்கொண்டே வட்ட வட்டமாக நறுக்கினாள். தெருக்கோடியில் ஏதோ ஒரு கடையின் கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் வண்டி அலறிக்கொண்டு போனது.

கலவரத்துக்குப் பயந்து வாட்ச் ரிப்பேர் கடையைப் பூட்டியதிலிருந்து அவள் புருஷனுக்கு சோபாவே கதி. கண்ணுக்கொரு வெள்ளரி வட்டம் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கிடந்தார்.

"என்னங்க, டிவியைப் போடறேன். என் தம்பி காலையில பஸ் ஓட்டப் போனான். பஸ்ஸையெல்லாம் கொளுத்தறாங்களாம். போனும் எடுக்க மாட்டேங்கறான்."

"ஐயையோ, நியூஸா! டாக்டர் சொன்னது மறந்து போச்சா? மனசை அமைதியா வச்சுக்கணும். கலவரம்னு காதுல விழுந்தாலே நெஞ்சு நின்னுடுமாம். கொன்னுடாதே தாயே!"

போன வாரம் இரண்டு பேருமாகத்தான் செக்கப்புக்குப் போனார்கள். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

மனசு ஆறாமல் அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நிறுத்து, நிறுத்து! அந்தக் கடகட சத்தம் எனக்கு ஆகாது."

"வேற என்னதான் ஆகும் உங்களுக்கு?"

"வெந்நீர்ல கால் வைக்கணும். நீயும் வை. ஒத்தையில போரடிக்குது."

ஒரே பக்கெட்டில் நாலு காலும் நெருக்கிக்கொண்டு நின்றன. ஜன்னல் வழியாக டயர் எரியும் நாற்றம் வந்தது.

"இப்ப சிரிக்கணும். ஹா ஹா ஹா! நீயும் சிரி."

"சிரிக்கிற நேரமா இது?"

"என் உயிரே உன் சிரிப்புலதான் இருக்கு."

தலையெழுத்தே என்று அவளும் "ஹா" என்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டது.

சாப்பாட்டுக்கு உப்பில்லாத சூப். அதுவும் இரண்டு பேருக்குமாம். "நீ மட்டும் ருசியா சாப்பிட்டா எனக்கு ஏக்கம் வந்துடும்." அப்புறம் தூக்கம். "நீ முழிச்சிருந்தா எனக்குக் கண்ணு மூடாது."

படுத்தாள். கூடப் பிறந்தவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. இவருக்கோ தன் உடம்பு, தன் நெஞ்சு. இந்த சுயநலத்தோடவா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று நினைத்து அழுதாள். அழுதபடியே அசந்துவிட்டாள்.

விழித்தபோது சோபா காலி. பாத்ரூமில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே போனில் செய்தி வாசிக்கும் குரல்!

அடப்பாவி மனுஷா! எனக்கு டிவி கூடாது, உனக்குத் திருட்டு நியூஸா? இன்றைக்கு உண்டு இல்லை என்று பார்த்துவிட வேண்டியதுதான். கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

செய்தி நின்றது. உள்ளே அவர் யாருடனோ பேசினார். குரல் உடைந்திருந்தது.

"டாக்டர், மச்சினன் கிடைச்சுட்டான். ஒரு ஆஸ்பத்திரி விடாம போன் போட்டேன். கையில கட்டு, அவ்வளவுதான். இப்பவாவது அவகிட்ட சொல்லிடலாமா டாக்டர், கோளாறு என் நெஞ்சுல இல்லே, அவ நெஞ்சுலன்னு?"