ஒரு சாண் விடாமல்

பெயிண்ட் அடித்த சுவரில் சிமெண்ட் ஒட்டாது. டைல்ஸ் பதிப்பதற்கு முன்னால் சுவரை உளியால் கொத்தி, அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆக்கிவிட வேண்டும். இது கொத்தனார் பிலவேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். அப்படிக் கொத்தினால் தோள்பட்டை கழன்றுவிடும் என்பது இன்னும் நன்றாகத் தெரியும்.

புளி மண்டி கிருஷ்ணப்பனுக்கும் அது தெரிந்திருந்ததுதான் வம்பு.

எழுபத்திரண்டாம் வருஷம், அதியமான்கோட்டையில் வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டிக்கொள்ள நினைத்தவர் அவர். காட்டுப் பக்கம் போன தம்பி நஞ்சப்பன் பிணமாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் அறையில் கை வைக்கிறாரே என்று ஊரில் முணுமுணுத்தார்கள்.

"அந்த ரூமைப் பாத்தாலே வயிறு எரியுதுப்பா. அதான் மாத்திப்புடலாம்னு" என்றார் பிலவேந்திரனிடம்.

பச்சை ஆயில் பெயிண்ட் அடித்த சுவர். நடுவில் மட்டும் ஏழெட்டுக் குழிகள் விழுந்திருந்தன.

"நான்தான் கொத்திப் பாத்தேன். இதே மாதிரி செவுரு பூரா கொத்தணும். ஒரு சாண் விடக்கூடாது. நாளைக்கு டைல்ஸ் உதுந்துச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"விடுவனுங்களா மொதலாளி?"

புளி லோடோடு அவர் பெங்களூர் கிளம்பிப் போனார். பிலவேந்திரன் உளியை எடுத்தான். பத்து அடி அடிப்பதற்குள் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. வேலைக்கு மொத்தமாகக் கூலி பேசியாகிவிட்டது. கொத்தினாலும் அதுதான், கொத்தாவிட்டாலும் அதுதான். போதாததற்கு அவன் ஊர் மாதா கோயிலில் அன்றைக்குத் தேர்.

ஆணியால் நாலு கீறல் போட்டான். சிமெண்டைக் குழைத்து அப்பி வெள்ளை டைல்ஸை வரிசையாக ஒட்டினான். கொஞ்ச நாள் நிற்கும். அதற்கு மேல் மாதா விட்ட வழி.

திரும்பி வந்த கிருஷ்ணப்பன் பளபளத்த சுவரைத் தடவிப் பார்த்தார். "ஒழுங்கா கொத்துனியா?"

பிலவேந்திரன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. தேர் வடம் இழுத்த கொப்புளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேசிய கூலிக்கு மேல் ஒரு புது வேட்டியும் எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போது பிலவேந்திரனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் அவன் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"கிருஷ்ணப்பன் வூட்டுல டைல்ஸ் ஒட்டுனது நீதானே? இன்ஸ்பெக்டர் கூப்புடறாரு, ஏறு" என்றார் ஏட்டு.

பிலவேந்திரன் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டான். மகள் புஷ்பமேரிக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. ஞாயிறு வந்தால் கல்யாணம். திருட்டு வேலை செய்து ஜெயிலுக்குப் போனவன் மகளை எந்த மாப்பிள்ளை கட்டுவான்?

"போயி அவுரு காலுல உழுந்துடுங்க. மறைக்காதீங்க" என்று மனைவி மிக்கேலம்மாள் வாசல்வரை வந்து அழுதாள்.

கிருஷ்ணப்பன் வீட்டில் கூட்டம். செத்துப்போன நஞ்சப்பனின் மனைவி மாதம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். தன் மானம் போவதைப் பார்க்க இவளுமா வரவேண்டும் என்று பிலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

டைல்ஸ் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றார். கிருஷ்ணப்பன் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"நல்லா கேளுங்க சார். தங்கமான கொத்தனாரு. ஒரு சாண் விடாம கொத்துனவன். சொல்லு பிலவேந்திரா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் பிலவேந்திரனைக் கொன்றது. தெரிந்துகொண்டுதான் குத்துகிறார் என்று நினைத்தான்.

"சொல்லுய்யா. முழுசா கொத்திட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிலவேந்திரன் சடாரென்று அவர் காலில் விழுந்தான். "தப்புத்தானுங்க சாமி. கொத்தவே இல்லீங்க. பெயிண்டு மேலயே ஒட்டிப்புட்டேனுங்க. மவ கல்யாணம் முடியட்டும், அப்புறம் எங்க வேணாலும் இட்டுக்கிட்டுப் போங்க."

கிருஷ்ணப்பனின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"எடு டைல்ஸை" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு நீட்டிய உளியை இடுக்கில் வைத்து பிலவேந்திரன் ஒரு நெம்பு நெம்பினான். சிமெண்டோடு சேர்ந்து பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் நாலு கீறலும் பத்துக் கொத்தலும் தவிரப் பச்சைச் சுவர் நலுங்காமல் இருந்தது. நடுவில் அந்த ஏழெட்டுக் குழிகள். இன்ஸ்பெக்டர் பேனாக்கத்தியால் அவற்றை ஒவ்வொன்றாகக் கிளறினார். எதையோ எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஏட்டுக்குக் கண்காட்டினார்.

விலங்குச் சத்தம் கேட்டதும் பிலவேந்திரன் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான். நெடுநேரம் நீட்டியபடியே நின்றான். கையில் ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது விலங்கு கிருஷ்ணப்பன் கையில் இருந்தது.

"மாதம்மா சந்தேகப்பட்டது சரியாப்போச்சு. காட்டுல எவனோ சுட்டுட்டான்னு எழுதிக் குடுத்த தம்பியை இந்த ரூம்லயே சுட்டிருக்கான், குண்டு பட்ட குழியெல்லாம் கொத்துன குழியோட குழியா மறையட்டும்னுதான் உன்னைக் கூப்பிட்டிருக்கான்" என்ற இன்ஸ்பெக்டர், பிலவேந்திரனின் தோளில் தட்டினார். "நீ மட்டும் யோக்கியமா வேலை செஞ்சிருந்தா, இவன் தப்பிச்சிருப்பான்யா."