ஜெயமாருதி பார், அடிக்கு ஒரு அங்குலம்

முகம் மட்டும்தான் பாக்கி.

மற்றதையெல்லாம் முடித்துவிட்டாள். சாப்பாட்டு மேசை மேல் ஜெயமாருதி பார் எழுந்து நிற்கிறது. அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில். முத்தியால்பேட்டையில் நாற்பது வருஷம் நடந்த கடை. பிரம்மச்சாரிக் கடவுளின் பெயரில் எப்படிப் பிராந்தி விற்கலாம் என்று அப்பாவை யாரும் கேட்டதில்லை. கேட்க வந்தவர்களும் இரண்டாவது கிளாஸில் மறந்துபோனார்கள்.

ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகள் பாட்டில்களாகிவிட்டன. நூல்கண்டுக் கட்டைகள் ஸ்டூல்கள். அவித்த முட்டைக்கு ஜவ்வரிசி. சுண்டலுக்குக் கடுகு.

"ஊர்ல எல்லாரும் கொலு வைப்பாங்க. நீ பார் வெச்சிருக்கியா?" என்று மகள் போனில் சிரித்தாள்.

கல்லாவுக்குப் பின்னால் அப்பா நிற்கிறார். குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீலில் பிசைந்து செய்தவர். ஐந்தரை அங்குலம்.

முதுகு அச்சு அசல். பனியன், தோளில் மடித்த துண்டு, வலது தோள் கொஞ்சம் இறக்கம், நடு முதுகில் இலங்கை வடிவத்தில் வியர்வை. இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகிப் போகும்வரை பார்த்த முதுகு.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல், முறம் அகலத்துக்கு. அம்மா முட்டையை உரித்துக் கொடுப்பாள். இவள் தட்டில் வைத்து ஜன்னலில் தள்ளுவாள். அப்பா திரும்பாமலே பின்னால் கை நீட்டி வாங்கிக்கொள்வார்.

பெண் பிள்ளை கடைக்குள் கால் வைக்கக் கூடாது. காப்பாற்றப்பட்டது இவள் மானமா, குடிக்க வந்தவர்களின் மானமா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

காதுக்குத் தடை போட முடியாதே.

அந்தப் பக்கம் அப்பா சிரிப்பார். முதுகு குலுங்கும். கூடவே இருபது பேர் சிரிப்பார்கள். அடுப்படியில் அலமாரித் தட்டுகள் அதிரும்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வரும்போது வாயையும் சாத்தியிருப்பார். 'தண்ணி.' 'உப்பு.' அவ்வளவுதான் பேச்சு. போட்டோக்களிலும் அதே முகம். கல்யாணப் படம், ரேஷன் கார்டு, அவர் மடியில் இவள் உட்கார்ந்திருக்கும் ஒரே படம்.

அந்த முகத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள்.

அவளுக்கு வேண்டியது மற்றது.

அப்பா போய் இருபத்தாறு வருஷம். கடை போய் இருபத்தைந்து. மூன்று வாய் வரைந்து பார்த்தாள். ஒன்று தேர்தல் சுவரொட்டி. ஒன்று பல்பொடி விளம்பரம். மூன்றாவது அழுவதுபோல் இருந்தது. மூன்றையும் சுரண்டி எடுத்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் ஆண் பிள்ளை. கல்லாவை ஒட்டி உட்கார்ந்து சோடா குடித்து வளர்ந்தவன். இப்போது பொறியியல் கல்லூரித் தாளாளர். பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள், ஒன்றுகூடப் படித்து வாங்கியதில்லை.

"அப்பா ரொம்பக் கண்டிப்பானவரும்மா" என்றான். கல்லூரி வெள்ளிவிழா மலரிலும் அதையே போட்டிருந்தான். கடையை 'வணிகம்' என்று எழுதியிருந்தான்.

"எப்படிச் சிரிப்பாருன்னு கேட்டேன்."

"மீட்டிங்ல இருக்கேன்."

கடைசியில் அந்துவான் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஜெயமாருதியின் தினசரி வாடிக்கை. எண்பத்தாறு வயதில் படியேறி வந்தார். மேசை முன் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்தார். நடுவில் இருந்த ஒரு ஸ்டூலை விரல் நுனியால் சுவரோரம் தள்ளினார்.

"என் எடம்."

அவள் தூரிகையோடு எதிரே உட்கார்ந்தாள். அப்பா சிரித்தால் பல் தெரியுமா? கண் மூடிக்கொள்ளுமா? கன்னத்தில் குழி விழுமா?

மாமா வாயைத் திறந்து காட்டப் பார்த்தார். வரவில்லை. மூடிக்கொண்டார்.

"தெரியல பாப்பா. அவரு மூஞ்சிய யாரு பாத்தா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டில்ல இருப்போம்."

ஐம்பத்தெட்டு வயதுப் பாப்பா தூரிகையைக் கீழே வைத்தாள்.

தண்ணீர்க் கிண்ணத்தில் கழுவினாள். துடைத்தாள். வண்ணப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

மாமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினார்.

"பேரனுக்கு சீட்டு கேக்க உங்கண்ணன் காலேஜுக்குப் போயிருந்தேன். வாசல்ல உங்கப்பாவ ஆளுயரத்துக்கு வரைஞ்சு மாட்டியிருக்கான். கோட்டு சூட்டு. ஜட்ஜு மாதிரி கையில தடியா ஒரு பொஸ்தகம் வேற. எனக்குக் கை காலெல்லாம் ஒதறிப்போச்சு பாப்பா. உக்காந்திருந்தவன் எழுந்து நின்னு, 'ஐயா, நான் இன்னிக்கு இன்னும் ஒண்ணும் சாப்புடலீங்க'ன்னுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.

மாமா சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ" என்றார் மெதுவாக. "இதான்."

அவள் குளியலறைக்கு ஓடினாள். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

போய்ச் சேர்வதற்குள் அது போய்விட்டிருந்தது.

கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மடியில் நிறுத்தி, அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது சொல்லுங்க மாமா."