கோடைக்கு ஒரு பூஜ்ஜியம்

“ஜூன், ஜூலை, ஆகஸ்டு... மூணு கட்டமும் காலியா இருக்கே அக்கா?”

மேஜைமேல் விரித்திருந்த படிவத்தில் விரலை வைத்தபடி வந்தவர் கேட்டார். ஜிபார் அவசரமாகப் பதில் சொன்னாள்.

“கோடையிலே ஊரே ஆடு, குதிரையோட மலைமேல மேய்ச்சலுக்குப் போயிடும் ஐயா. இங்கே நாய்கூட இருக்காது. யாருக்கு இன்டர்நெட் கொடுக்கறது? எல்லா இணைப்பையும் நிறுத்திடுவேன். அதான் ஒண்ணும் எழுதலை.”

“அப்போ பூஜ்ஜியம்னு எழுதணுமோ?”

“எழுதணுமா ஐயா?”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

கேள்விக்குக் கேள்வி! ஆள் பார்க்கச் சின்ன வயசுதான், ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட அதிகாரி என்று ஜிபார் முடிவு கட்டினாள்.

தலைநகர் பிஷ்கெக்கில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்து, கம்பங்களைக் குதிரையில் கட்டி மலையேற்றி, அறுபத்தொரு வீட்டுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அவள் இன்டர்நெட் கொடுத்திருந்தாள். இப்போது தொலைத்தொடர்புத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆண்டறிக்கை இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் லைசென்ஸ் ரத்து. ஒரு கட்டம் விடுபட்டாலும் அபராதம். மூன்று நாளாகப் படிவத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தவளின் வாசலில், கையில் ஃபைலோடு இவர் வந்து நின்றார்.

யார், என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. வந்தவரை அப்படிக் கேட்பது அந்தப் பக்கத்தில் மரியாதையில்லை. ரொட்டி பிட்டு, தேநீர் குடித்து, அவராகச் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் பாதி ஊற்றினால் இன்னும் இருக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். நிரப்பிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். அவள் கணவன் மெலிஸ் இதுவரை நாலு தரம் பாதி பாதியாக ஊற்றிவிட்டான்.

“போன வருஷம் லைன் எத்தனை மணி நேரம் அறுந்து கிடந்துச்சு?”

“பன்னெண்டு மணி நேரம். ஒரு யாக் மாடு கம்பத்துலே முதுகு சொறிஞ்சு சாய்ச்சிடுச்சு ஐயா.”

“அதையும் எழுதுவீங்களா?”

“மறைக்கலை ஐயா, எழுதிடறேன்!”

அவர் அதைத் தன் நோட்டிலும் குறித்துக்கொண்டார்.

மெலிஸ் அவளை அடுப்பங்கரைக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தான். “ஆட்டை அறுக்கட்டுமா?”

“சும்மா இரு! லஞ்சம்னு அதையும் எழுதிடப் போறாரு.”

சிக்னல் கோபுரத்தின் உயரம், இணைப்பின் வேகம், வந்த புகார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவள் தேடித் தேடி நிரப்பினாள். கோடை மாதங்களுக்கு மூன்று பூஜ்ஜியம் போட்டாள். ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்பினாள். திரையில் பச்சை எழுத்தில் ‘பெறப்பட்டது’ என்று வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி இந்த மனிதர் நல்லபடியாகக் கிளம்பினால் போதும். அவள் ஜாடை காட்ட, மெலிஸ் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினான்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது.

“கெளம்பச் சொல்லிட்டீங்க. நான் வந்த விஷயத்தை இன்னும் சொல்லவே இல்லையே அக்கா?”

“இன்னும் என்ன ஐயா பாக்கி?” என்றாள் ஜிபார்.

அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அதே படிவம். ஒரு கட்டம்கூட நிரப்பாமல் இருந்தது.

“கணவாய்க்கு அந்தப் பக்கம் நாப்பது வீட்டுக்கு நான்தான் இன்டர்நெட் கொடுக்கறேன். எங்க ஊரும் கோடையிலே மலை ஏறிடும். எனக்கும் ஆறு மணிதான் கெடு. இதை எப்படி நிரப்பறதுன்னு உங்களைக் கேட்கத்தான் வந்தேன்.”

ஜிபார் அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, பாதித் தேநீரைத் திரும்பக் கெட்டிலிலேயே ஊற்றினாள்.

“உட்காரு தம்பி. ஜூன் மாசத்துக்குப் பூஜ்ஜியம் போடு.”