பூங்கொடிக்குப் பதினொன்று

மகுடேஸ்வரனின் கண்ணாடி, யார் பேசினாலும் அவர்கள் நெற்றிக்கு நேராக ஓர் எண்ணைக் காட்டும். அந்தப் பேச்சை நூற்றுக்கு எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு அது. மச்சான் பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, கண்ணாடி போடாமல் அவன் எதையும் வாங்கியதில்லை.

திரையில் பேட்டரி கம்பெனி முதலாளி பேசிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழு. வீடு விற்ற பணம் முழுவதையும் அந்தக் கம்பெனிப் பங்கில் போட்டுவிட, விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனான்.

"ஏனுங்க, வேண்டாமுங்க," என்றாள் மனைவி பூங்கொடி. அந்தக் கம்பெனியில்தான் அவள் பெட்டி ஒட்டுகிறாள். "அங்க பேட்டரி செஞ்சு மாசக்கணக்காச்சு. எடை வர்றதுக்குச் செங்கல்ல வெச்சு ஒட்டச் சொல்றாங்க. இந்தக் கையாலதான் ஒட்டறனுங்க."

அவள் நெற்றியில் பதினொன்று ஒளிர்ந்தது. சொல்வது ஒரே ஆள், ஆதாரம் இல்லை, போதாக்குறைக்குச் சொந்தம் வேறு.

அவன் விரல் பொத்தானுக்கு முன்னால் நின்றது. "இன்னொருக்கா சொல்லு."

சொன்னாள். ஒன்பது.

"அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு என்ற மூஞ்சியப் பாருங்க."

கை கண்ணாடி வரை போனது. கழற்றிவிட்டால் பிறகு யாரை நம்புவது? கையை இறக்கிக்கொண்டான்.

பூங்கொடிக்கு அலுத்துவிட்டது. "செரி, நாஞ் சொன்னது பொய்யிங்க. கம்பெனி நல்லாத்தான் ஓடுது. வாங்கிக்குங்க."

தொண்ணூற்றைந்து, பச்சை நிறத்தில்.

"இதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பெருமூச்சு விட்டான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான்.